மச்சான் அனுப்பிய பணம்

நாற்பது குத்துவிளக்குகள் கப்பலேறிப் பணமும் கைக்கு வந்து, அதில் பாதி செலவாகியும்விட்டது. எட்டாவது மாதம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது: ‘தங்கள் ஏற்றுமதிக்கான தொகை இன்னும் வந்து சேரவில்லை.’

இது 2022இல் நடந்தது. நாச்சியார்கோயில் பட்டறைகளில் அரசலாற்று வண்டலில் அச்செடுத்து வார்த்த விளக்குகள். வாங்கியவர் மலேசியாவின் கிள்ளானில் கடை வைத்திருக்கும் என் மாமா மகன். அதுதான் வினையாக முடிந்தது.

தொடக்க வேலைகளில் பெரிய சிரமம் இல்லை. ஏற்றுமதி, இறக்குமதி எண்ணுக்கு இணையத்தில் 500 ரூபாய் கட்டினேன். பான் எண்ணையே அதற்கும் தந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி கட்டாமல் சரக்கை அனுப்ப ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். எங்கள் ஊர்க் கிளைக்கு அந்நியச் செலாவணியைக் கையாளும் அதிகாரம் இல்லாததால், அந்த அதிகாரமுள்ள கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. கோடு வாங்கத் திருச்சிக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன். சென்னையில் மற்றதைச் சுங்க முகவர் பார்த்துக்கொண்டார்.

கடிதத்தோடு மீண்டும் திருச்சிக்குப் போனேன். அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பணம் வந்திருக்கிறது. ஆனால் பி1301இல் வந்திருக்கிறது.” குடும்பப் பராமரிப்புக்காக உறவினர் அனுப்பும் பணத்துக்கான குறியீடு அது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் எங்கள் பக்கத்துக் கிளைகளுக்கு அன்றாடம் வருவது அந்த வகைப் பணம்தான். பணம் வந்த அன்று ஊழியர் தொலைபேசியில் “யார் அனுப்பியது?” என்று கேட்டதும், “என் மாமா மகன், சார்” என்று நான் பெருமையாகச் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“கணக்கில் பணம் இருக்கிறதே, குறியீட்டில் என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டார். இடப்பக்கம் சுங்கத்துறை ஏற்றும் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிச் சரக்குக்கான சுங்க ஆவணம்; வலப்பக்கம் வங்கி பதியும் டாலர் வரவு. ரிசர்வ் வங்கியின் பதிவேட்டில் இரண்டையும் கோத்தால்தான் பில் மூடும். அன்றைய விதிப்படி அதற்கு ஒன்பது மாதக் கெடு. “உங்களுக்குக் கிடைத்தது ரூபாய். டாலரை நாங்கள் வாங்கிக்கொண்டோம். சரக்கு மட்டும் போய் டாலர் வெளியிலேயே தங்கிவிட்டால், நாடு கச்சா எண்ணெய்க்கு எதைக் கொடுக்கும்? டாலர் கையிருப்பு வற்றித்தானே 1991இல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோமே!” கோக்கத் தவறினால் வங்கியும் பதில் சொல்லியாக வேண்டுமாம். எரிச்சல் பாதி தணிந்தது. மீதிப் பாதி பஸ் கட்டணத்துக்கானது.

இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், கப்பல் ரசீது, பணம் அனுப்பியதற்கு வங்கிகள் பரிமாறிய ஸ்விஃப்ட் செய்தியின் நகல், கூடவே என் தவற்றை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எல்லாம் கொடுத்தேன். அடுத்த சிக்கல் 25 டாலரில் வந்தது. இன்வாய்ஸில் 2,400, வந்தது 2,375. இடையில் இருந்த வெளிநாட்டு வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை வங்கிக் கட்டணம் என்று பதிந்து, குறியீட்டை ஏற்றுமதிக்கு மாற்றிப் பில்லை மூட மூன்று வாரமானது.

அடுத்த சரக்குக்குப் பணம் வந்தபோதும் அதே ஊழியர்தான் அழைத்தார். “யார் அனுப்பியது?” என்றார். இன்வாய்ஸ் எண்ணைச் சொன்னேன்.