ஒட்டிய தகடும் லாம்ப் அலையும்: ஆய்வக நாட்குறிப்பு

3 ஜூன் 2024

ஒட்டிய இணைப்பில் பசை விடுவதைத் தகட்டில் செலுத்தும் அலைகளால் கண்டறிய முடியுமா என்று பார்க்கிறோம். 2 மி.மீ. தடிமனுள்ள இரு அலுமினியத் தகடுகளின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 25 மி.மீ. அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எபாக்சிப் பசையால் ஒட்டினோம். ஓரத்தில் பிதுங்கி உறைந்த பசையைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன். இழுக்கும்போது பசையை உரிக்கப் பார்க்கும் தகைவு (உள்விசை) மேலடுக்கின், அதாவது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகுதியின், இரு முனைகளில்தான் குவிகிறது. வழிந்த பசை அதைச் சற்றுத் தணிக்கும்.

6 ஜூன்

மேலடுக்குக்கு இப்புறமும் அப்புறமும் ஒவ்வொரு பீசோ வில்லை (மின்னழுத்தத்தை அதிர்வாகவும் அதிர்வை மின்னழுத்தமாகவும் மாற்றுவது). ஒன்று 100 கிலோஹெர்ட்ஸில் ஐந்து சுற்றுகள் கொண்ட அலைக்கட்டை அனுப்புகிறது, மற்றது வாங்குகிறது. தகட்டின் இரு பரப்புகளுக்கிடையே அடைபட்டுச் செல்லும் இவ்வலைகளை ஹொரேஸ் லாம்ப் 1917இல் கணித வடிவில் விளக்கினார். இந்த அதிர்வெண்ணில் இரண்டு மட்டுமே பயணிக்கும்: நொடிக்கு ஏறத்தாழ 5400 மீட்டர் வேகத்தில் முந்திவரும் சமச்சீர் அலையும், பின்தங்கிவரும் வளைவு அலையும். வளைவு அலையின் நீளம் சுமார் 13 மி.மீ.தான், ஆகவே பசை விட்டுப்போன சிறிய இடத்தை, அதாவது பிரிவை, காண அதையே நம்புகிறேன்.

12 ஜூன்

மீண்டும் மீண்டும் சுமையேற்றும் களைப்புச் சோதனை தொடங்கும் முன்னரே காலை அலைவடிவமும் பிற்பகல் அலைவடிவமும் பொருந்தவில்லை. வெப்பம் ஏறினால் அலுமினியத்தில் அலை மெதுவாகும், எபாக்சி இளகும், வில்லையின் துலங்கலும் மாறும். சேதமில்லாதபோது எடுத்த ஒரே ஓர் அடிப்படைப் பதிவை வைத்துக் கழித்துப் பார்த்தால் வெயிலையே சேதமென்று படித்துவிடுவோம். பல வெப்பநிலைகளில் பதிவுகளைச் சேர்த்து, நெருங்கியதைத் தேர்ந்து, கால அச்சைச் சிறிது நீட்டிச் சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும். அலுப்பூட்டும் வேலை, ஆனால் இத்துறையின் பாதி வேலை இதுதான்.

20 ஜூன்

முனையில் பிரிவு தொடங்கிவிட்டது. வீச்சு குறையுமென்று மாணவர் எதிர்பார்த்தார். வளைவு அலையின் வீச்சோ கூடியது. மேலடுக்கில் இரு தகடுகளும் பசையும் சேர்ந்து ஒரே அலைவழியாகின்றன. உள்ளே நுழையும் ஆற்றல் அங்கே இரண்டு மூன்று அலைகளாகப் பிரிந்து, மறுமுனையில் ஒன்றோடொன்று கூடியோ கழிந்தோ வெளியேறுகிறது. பிரிவு வளரும்போது ஒட்டியிருக்கும் நீளம் சுருங்குவதால் அந்தக் கூட்டல் கழித்தலின் கணக்கே மாறிவிடுகிறது. எனவே வீச்சை மட்டும் பார்த்து ‘இணைப்பு நலம்’ என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். வந்துசேரும் நேரத்தையும் அலைகள் ஒன்று மற்றொன்றாக மாறும் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இது ஆய்வகத்துக்குள் அடங்கும் கவலையன்று. 28 ஏப்ரல் 1988 அன்று ஹவாயில் அலோஹா விமானம் 243இன் மேற்கூரை பறந்தபோதே பிய்ந்துபோனது. அந்த போயிங் 737இன் மேலடுக்கு இணைப்புகளில் பசை விட்டுப்போனதால் சுமை ரிவெட்டு ஆணிகளின் மேல் விழுந்து, துளையோரங்களில் களைப்பு விரிசல்கள் வளர்ந்திருந்தன.

25 ஜூன்

ஒட்டும் முன் ஒரு பகுதியில் மட்டும் ஒட்டாமைப் பூச்சு தடவிய தகட்டைச் சோதித்தேன். பரப்புகள் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் பிணைப்பு இல்லை. அலை தடையின்றிக் கடந்துவிட்டது. அதன் இடப்பெயர்ச்சி அவ்வளவு நுண்ணியது என்பதால் தொடுகையே அதற்குப் போதும். இந்த அலைச்சோதனை காட்டுவது விறைப்பை, வலிமையை அன்று. அடுத்து, இழுவிசை ஏற்றி இடைவெளியைத் திறந்தபடியே அளக்கப் போகிறோம்.