உள்விளிம்பில் தெரிந்த நூல்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. நன்றாகப் பழகிய வளைவு, பெரிய வேகமும் இல்லை. பாதி வளைவில் முன்னால் போன வண்டி பிரேக் போட்டது. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். வண்டியின் பின்பக்கத்தை யாரோ கையால் தள்ளிவிட்டது போல வெளியே நழுவியது. வண்டி வழுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கம்ப்யூட்டரின் விளக்கு டேஷ்போர்டில் இரண்டு முறை கண் சிமிட்டியது. வண்டி தானாக நேரானது. நான் எதையோ சமாளித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

வண்டி 2014 போர்ஷே கேமன் எஸ். இரண்டாவது கையாக வாங்கியது. எஞ்சின் என் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதிரி வண்டியில் வளைவின் நடுவே காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், வால் சுழலப் பார்க்கும். இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் நான் போன வேகத்துக்கு அது நடந்திருக்கக் கூடாது. அந்த வாரம்தான் டயரையும் பார்த்திருந்தேன். நின்றபடி குனிந்து, வெளிப்பக்கப் பள்ளத்தில் ஆழம் பார்க்கும் அளவுக்கருவியை விட்டேன். 4 மி.மீ. காட்டியது. புது டயரில் ஏறக்குறைய 8 இருக்கும், 1.6 தான் கடைசி எல்லை. இன்னும் நிறைய ஓடும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப்பக்கம் அதே 4. நடுவில் 3-க்குச் சற்று மேல். உள்விளிம்புக்குப் போனபோது அளவுக்கருவிக்கு வேலையே இல்லை, பள்ளமே கிடையாது. விரலால் தடவினேன். ரப்பர் மாதிரி இல்லாமல் சொரசொரவென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. அதன் நடுவே ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய இழைகள், சக்கரத்தின் சுற்றோடு சுற்றாக ஓடுகின்றன. ரப்பருக்குக் கீழே இருக்கும் நைலான் உறை அது. அதற்கும் கீழே எஃகுக் கம்பி அடுக்கு. கம்பி வெளியே வருவதற்குள் பார்த்துவிட்டேன் என்பதுதான் ஒரே ஆறுதல்.

காரணம் சக்கரம் நிற்கும் கோணம். இந்த வண்டிகளில் சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும். வளைவில் வண்டி வெளியே சாயும்போது டயர் தரையில் முழுசாகப் பதியவேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். அந்தச் சாய்வு மட்டும் டயரை இவ்வளவு தின்னாது. கூடவே டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராகப் போகிறதா, சற்றே திரும்பி நிற்கிறதா என்பது, கெட்டுப்போயிருந்தால் ஒவ்வொரு மீட்டரும் டயர் தரையில் இழுபட்டுக்கொண்டே ஓடும். எடை உள்விளிம்பில் நிற்பதால் தேய்மானமும் அங்கேயே.

இதில் என்னை ஏமாற்றியது இன்னொன்றும் உண்டு. கடைசி சில மாதங்களாக வண்டி முன்பைவிடக் கூர்மையாகத் திரும்புவதாக எனக்குத் தோன்றியது. தேய்ந்த டயரில் பட்டன், அதாவது பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பர், உயரம் குறைவு, அதனால் பட்டன்கள் நெளிவதும் குறைவு. காய்ந்த சாலையில் அது நல்ல பிடி போலவே இருக்கும். தண்ணீர் வந்தால்தான் சாயம் வெளுக்கும். 265 மி.மீ. அகல டயர் மேல் வெறும் 1,320 கிலோ வண்டி. நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லையென்றால் தண்ணீர் மேல் மிதக்கத்தான் செய்யும்.

சரி, புது டயர். எந்த டயர்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் தேடியது மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2. ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்று செய்து, சாலையிலும் ஓட்ட அனுமதி பெற்ற டயர். பெயரைச் சொல்லும்போதே ஒரு கித்தாப்பு வருகிறது. இரண்டு இரவு படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டிராக்கில் அடிக்கடி ஓட்டும் நண்பன் ஒருவன் வந்தான். கழற்றி வைத்திருந்த பின் டயரைக் காலால் புரட்டிப் போட்டு, வெளித்தோளைக் காட்டினான்.

"மச்சி, இங்க பாரு. இது கடையில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. இந்த இடத்துக்கு நீ போனதே இல்லையே. உனக்கு எதுக்குடா கப்?"

குனிந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. பட்டன் முடிந்து, டயரின் பக்கச் சுவரான சைடுவால் தொடங்கும் இடத்தில், ஒன்றரை சென்டிமீட்டருக்கு ரப்பர் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. வளைவில் உண்மையிலேயே அழுத்தி ஓட்டுபவனின் டயரில் அந்த இடம்தான் முதலில் சொரசொரப்பாகும். என் டயர் நேர்ச்சாலையிலேயே தேய்ந்த டயர். அதுவும் உள்பக்கமாக. வெட்கமாக இருந்தாலும் அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது.

கப் 2 போன்ற டயருக்குச் சூடு வேண்டும். சூடேறினால்தான் பிடிக்கும். குளிர்ந்த காலையில், ஈரச் சாலையில், முதல் பத்து கிலோமீட்டரில் அது சாதாரண டயரைவிடப் பின்தங்கும். புதிதாக இருக்கும்போதே பள்ளம் குறைவு. சைடுவாலில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும், கப் 2-வில் அது 180. அதே கம்பெனியின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்-ல் 300. எண் ஏற ஏற உழைப்பு கூடும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணைக் கம்பெனியே சோதித்துக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். வேறு வேறு கம்பெனிகளுக்கு நடுவே இதை வைத்து வாதாடுவது வீண்.

ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிக்கு ஏ முதல் இ வரை எழுத்து இருக்கிறது, அதையும் பார்த்தேன். அது ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்கு இறங்க எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்ற கணக்கு. தேங்கிய தண்ணீரில் மிதக்குமா என்பதை அந்த எழுத்து சொல்லாது. என் பயமோ அந்த இரண்டாவதுதான். அதனால் நடுவில் அகலமான நீள்பள்ளங்கள் உள்ள டயர் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அளவில் விளையாடும் ஆசையும் வந்து போனது. என் வண்டிக்கு முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 265/40 ஆர்19. பின்னால் 275/35 போட்டால் இன்னும் அகலமாக இருக்குமே என்று தோன்றியது. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 265-ல் 40 சதவீதம் 106 மி.மீ., அதுதான் சைடுவால் உயரம். மேலும் கீழுமாக 212, ரிம்மின் 19 அங்குலம், அதாவது 482.6 சேர்த்தால் விட்டம் ஏறக்குறைய 695. 275/35-க்கு அதே கணக்கு 675 தருகிறது. முன் டயர் 671. முன்னும் பின்னும் எத்தனை சுற்றுச் சுற்றுகின்றன என்ற விகிதத்தை வைத்துத்தான் ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கம்ப்யூட்டரும் சக்கரம் வழுக்குகிறதா என்று கண்டுபிடிக்கின்றன. 24 மி.மீ. வித்தியாசத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு 4 மி.மீ. கொடுத்தால் அது என்ன நினைக்கும்? அன்று என்னைக் காப்பாற்றியதே அதுதான். குழப்ப மனம் வரவில்லை.

டயர் எந்த வேகம் வரை தாங்கும் என்று சொல்லும் வேகக் குறியீட்டில் யோசிக்க ஒன்றுமில்லை. கேமன் எஸ்-ன் உச்ச வேகம் 283 கி.மீ. டபிள்யூ என்றால் 270 வரைதான், ஒய் என்றால் 300. நான் அந்த வேகத்தில் ஓட்டப்போவதில்லை, ஆனாலும் ஒய்தான். எடை தாங்கும் அளவுக்கான எண்கூட, ஆலையில் போட்டதற்குக் குறையக் கூடாது. 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும்.

அடுத்து 'என்' (N) என்ற எழுத்தின் பஞ்சாயத்து. போர்ஷே தன் வண்டியில் வைத்துச் சோதித்து ஒப்புக்கொண்ட டயரின் சைடுவாலில் என்0, என்1, என்2 என்று முத்திரை இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. வெறும் முத்திரை வியாபாரம் என்று நான் நினைத்திருந்தேன், அது தப்பு. பெயரும் பட்டன் வடிவமும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ரப்பர் கலவையும் கட்டுமானமும் வேறாக இருக்கலாம். என்0 முதலில் ஒப்புதல் பெற்றது, பிறகு மாற்றம் செய்யும்போது எண் ஏறும். ஒரே வண்டியில் என்0-வையும் என்1-ஐயும் கலக்கக் கூடாது என்பார்கள். முத்திரை இல்லாத டயர் கெட்ட டயர் என்று அர்த்தமில்லை. நான்கும் ஒரே ரகமாக இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

அங்கேதான் என் கஞ்சத்தனம் தலை தூக்கியது. முன் டயர்களில் இன்னும் 5 மி.மீ. இருக்கிறதே, பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் என்ன? முன்னால் ஒரு குணம், பின்னால் ஒரு குணம் என்றால் மழையில் எந்தப் பக்கம் முதலில் கைவிடும் என்று கணிக்க முடியாது. நடு எஞ்சின் வண்டியில் அந்தச் சோதனையை நானே செய்து பார்க்கத் தயாராக இல்லை. மேலும் முன் டயரின் தேதியைப் பார்த்தேன். சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். என்னுடையவற்றுக்கு ஏழு வயது ஆகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பழைய டயர் கட்டை போல இருந்தது. 2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் பயணித்து உயிரிழந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்களுக்கு ஒன்பது வயது என்று விசாரணை சொன்னது நினைவுக்கு வந்தது. விபத்துக்குக் காரணமாக அறிக்கை சொன்னது வேகத்தைத்தான். இருந்தாலும் அதைப் படித்தபிறகு பட்டனை மட்டும் பார்த்து டயரை நம்ப முடியவில்லை. நான்கையும் மாற்ற முடிவு செய்தேன்.

பைலட் ஸ்போர்ட் 4எஸ், நான்கும் முத்திரை இல்லாதவை. வந்து இறங்கியதும் தேதியைப் பார்த்தால் மூன்று புதிது, ஒன்று நான்கு வருடப் பழசு. விற்றவர்கள் படத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் அனுப்பியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பி மாற்று வாங்க மூன்று வாரம் இழுத்தது. வண்டி அதுவரை மரக்கட்டை மேல் நின்றது. ஸ்டெப்னியும் கிடையாது இந்த வண்டியில்.

மெக்கானிக் டயரை மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். இந்த டயரில் இடது வலது கிடையாது, ஆனால் அவுட்சைடு என்று எழுதிய பக்கம் வெளியேதான் வரவேண்டும். மூன்றாவது டயரை மெஷினில் ஏற்றும்போது அந்த எழுத்து உள்பக்கம் போனது.

"அண்ணே, எழுத்து உள்ள போகுது."

"எல்லாம் ஒண்ணுதான் சார்," என்றவர், ஒரு விநாடி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிப் போட்டார். அப்புறம் அவரே நான்கையும் ஒருமுறை சரிபார்த்தார். டயரில் இருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினார். அது டயரின் எடை குறைந்த இடம். வால்வு இருக்கும் இடம் கனம், இரண்டும் ஈடுகட்டினால் பேலன்சிங் வெயிட் குறையும். இவ்வளவு தெரிந்தவர் எழுத்தைப் பார்க்காமல் விட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். காற்று சென்சார்களின் பேட்டரிக்கும் வயதாகிவிட்டதால் அவற்றையும் அப்போதே மாற்றச் சொன்னேன். டயரைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்தபோது எதிர்பார்த்ததுதான் வந்தது. பின்னால் இடது டோ எல்லைக்கு வெளியே சிவப்பாக நின்றது. சாய்வு சரியாகவே இருந்தது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்த டயர் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்டினேன். டயரை வார்க்கும் அச்சிலிருந்து வந்த மேல்பூச்சு தேய்ந்து போகும்வரை புது டயர் முழுசாகப் பிடிக்காது. ஸ்டியரிங் கொஞ்சம் தளர்ந்தது போல இருந்தது, உயரமான பட்டன்கள் நெளிவதால். கித்தாப்பு டயர் தேடியவனுக்கு அது சற்று ஏமாற்றம்தான். காற்றைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்கிறேன், 10 டிகிரி வெப்பம் மாறினால் ஏறக்குறைய 0.1 பார் மாறிவிடுகிறது.

அதே வளைவில், நல்ல மழையில், அதே வேகத்தில் போய்ப் பார்த்தேன். காலை மட்டும் எடுக்கவில்லை. விளக்கு சிமிட்டவில்லை.

நேற்று ஜாக்கி வைத்து நான்கு சக்கரத்தின் உள்விளிம்பையும் தடவிப் பார்த்தேன், இப்போது அது மாதாந்தர வேலை. உள்ளும் வெளியும் ஒரே அளவு, நடுவில் அரை மி.மீ. குறைந்திருக்கிறது. வெளித்தோளில், அச்சின் காற்றுத் துளைகளில் முளைத்த ரப்பர் முடிகள் மூன்று மாதம் கழித்தும் அப்படியே குத்திட்டு நிற்கின்றன. நண்பன் வருவதற்குள் பிளேடால் மழித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.