சொ. அரு. சொ.

தமிழ் ஐயா மறைந்த சேதி வந்த அன்று, சிங்கப்பூரில் எனக்கு வந்த ஆறுதல்களில் பாதி என் சித்தப்பா மகனுக்குச் சேர வேண்டியவை. "கடைசிவரைக்கும் கூடவே இருந்தீங்களே" என்றார் ஒருவர்.

நகரத்தார் நமக்கு இந்தப் பெயர்க் குழப்பம் புதிதா என்ன? தலைமகனுக்கு அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர் பெயர். அண்ணன் தம்பி இருவருக்கும் தலைமகன் பிறந்தால் ஒரே வளவு வீட்டில் இரண்டு சொக்கலிங்கம். மாமனார் பெயரை ஆத்தாமார் வாயால் சொல்ல மாட்டார்கள். பெரியவன், சின்னவன் என்று வீட்டில் பிழைத்துப் போனது. பள்ளிக்கூடத்தில்தான் வினை. நான் சொ. அரு. சொ.; அவன் சொ. ராம. சொ. தலைப்பெழுத்துவரை படிக்க எந்த வாத்தியாருக்குப் பொறுமை? என் சேட்டைக்கு அவன் அடி வாங்குவான். அவன் மார்க்குக்கு எனக்குச் சபாஷ் கிடைக்கும்.

ஐயாவுக்குக் கம்பன்தான் எல்லாம். சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் விழா பங்குனியில் வந்தால், அத்த நட்சத்திரத்தன்று கம்பன் சமாதியுள்ள நாட்டரசன்கோட்டையில் முடியும்வரை அவர் நம்மவர் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வாலி வதை நடத்தினார். அண்ணன் யார், தம்பி யார் என்று தெரியாமல் இராமன் அம்பை விடவில்லை. கொடிப்பூ சூடிப் போ என்று சுக்ரீவனை மறுபடி அனுப்புகிறான். அந்த இடத்தில் ஐயா பாட்டை நிறுத்தினார். வேலியிலிருந்து சங்குப்பூக் கொடியைப் பறித்துவரச் சொல்லி, என் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றினார்.

"தோத்து ஓடி வந்தவன்தானே சுக்ரீவன்? நேத்து ஒப்பிக்கையில தோத்தது நீதான். இனிமே எனக்கு வேற்றுமை தெரியும்."

கடைசி மணிவரை கழற்றக் கூடாது. காலரில் ஏறிய பச்சைக் கறை எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. ஆறாவது பொடியன்கள்கூட என்னைச் சுக்ரீவன் என்றார்கள். உங்களில் சிலர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள். சங்கச் சந்தாப் பாக்கி கேட்கும்போதாவது விட்டுவிடலாம்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன நம் பாட்டன்மார் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பினார்கள். நான் போனவன் போனவன்தான். அவன் ஊரிலேயே இருந்தான்.

ஐயாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவருக்குக் கண் சுத்தமாகத் தெரியாது. "சொக்கலிங்கம் வந்திருக்கேங்க ஐயா" என்றேன்.

"உக்காரு. குகப் படலத்துல விட்ட எடத்துலேருந்து படி."

படித்தேன். இரண்டாம் பாட்டிலேயே, "இன்னிக்கு என்னப்பா, சீர் பிரிக்காம ஓடுறே?" என்றார். தொண்டை சரியில்லை என்றேன். கொஞ்சம் பொறுத்து, "சுக்ரீவன் கடுதாசி ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார்.

ஊரைவிட்டுப் போன பிறகு ஐயாவுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவனிடம் கேட்டேன். "மாசா மாசம் ஒன்னு எழுதி நானே வாசிச்சுக் காட்டுவேன்" என்றான். "கையெழுத்துலகூடப் பொய் இல்லை பாரு, சொக்கலிங்கம்னுதானே போடுறேன். போன கடுதாசியிலதான் கொஞ்சம் அதிகமாப் போயிட்டேன். வர்ற தையில நீ ஊரோட வந்துடப் போறேன்னு எழுதிட்டேன்டா."

— சொ. அரு. சொக்கலிங்கம், சிங்கப்பூர்