நாற்பது வளைவுக்கு ஒரு வண்டி

செப்டம்பர் 24, 2025, புதன்

திங்கட்கிழமையிலிருந்து சின்ன கார்களுக்கு வரி குறைந்துவிட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் இதுவரை 28 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி. இனி 18 சதவீதம்தான், செஸ் கிடையாது. பொள்ளாச்சியில் நான் கணக்கு எழுதும் மண்டியில் காலையிலிருந்து கொப்பரை விலையைக்கூட விட்டுவிட்டு இதையே பேசுகிறார்கள்.

எங்கள் வண்டி 2011-இல் வாங்கியது. அடுத்த வருடம் ஆர்.சி.க்கு 15 வருடம் முடிகிறது. புதுப்பிக்கலாமா, மாற்றலாமா என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். இன்று ராத்திரி சாப்பிடும்போது என் கணவரே, "பார்க்கலாம், விலையைப் போய்க் கேட்டுட்டு வா" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்ததே பெரிய விஷயம்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். மகள் மாலை போட்டாள். பூஜை முடிந்ததும் இதன் பழைய பில்லைத் தேடினேன். கிடைக்கவில்லை. என்ன விலைக்கு வாங்கினோம் என்று இரண்டு பேரும் யோசித்தோம். அவர் ஒரு தொகை சொன்னார், நான் ஒரு தொகை சொன்னேன். கணக்கு எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு இது நினைவில் இல்லை.

ஆனால் பவர் ஸ்டீயரிங்கும் ஏ.சி.யும் இல்லாத மாடலை எடுத்து ஏறக்குறைய 40,000 ரூபாய் மிச்சம் பிடித்தது நன்றாக நினைவிருக்கிறது. காரணம் என் வலது தோள். ஞாயிறு தவறாமல் வால்பாறைக்கு அம்மாவைப் பார்க்கப் போய்வருகிறேன். திங்கள் காலையில் தோளில் தைலம் தேய்க்காமல் வேலைக்குப் போனதில்லை. மழைக்காலத்தில் கண்ணாடியெல்லாம் புகை படிந்தாற்போல் ஆகிவிடும். ஏ.சி. இருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். நான் துணியால் துடைத்துத் துடைத்தே ஓட்டியிருக்கிறேன்.

ஒன்றைச் சேர்த்து எழுதவேண்டும். அந்த 40,000 ரூபாய் அப்போது வீண்போகவில்லை. மகள் பிறந்த ஆஸ்பத்திரி பில்லை அதில்தான் கட்டினோம். அன்று எடுத்த முடிவு சரிதான். இன்று அதே முடிவை எடுக்கவேண்டிய நிலைமை நமக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டு ஷோரூம் போனோம். இரண்டு வண்டி மனதில் நிற்கின்றன. பெயர் எழுதவில்லை, என் யோசனை அந்தப் பெயர்களைப் பற்றியதல்ல. ஒன்று உயரமானது, விலை குறைவு, ஏறி உட்காருவது சுலபம், சாமான் நிறையப் பிடிக்கும். இன்னொன்று தாழ்வானது, அகலமானது. அதன் டாப் மாடலுக்கு, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன் ரோடு விலை இரண்டு லட்சம் கூடுதல்.

இரண்டையும் உடுமலை ரோட்டில் நாலு நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். நேர் ரோட்டில், புது டயரில், ஏ.சி. போட்டு ஓட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

விற்பனைப் பையன் இன்னும் ஒரு படி மேலே, ஆட்டோமேட்டிக் மாடல் ஒன்றையும் காட்டினான். ஆயுள் வரி சேர்க்காத எக்ஸ் ஷோரூம் விலையே 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை ஆயுள் வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. வண்டி விலை 9,90,000 என்றால் வரி 1,28,700. அதுவே 10,10,000 என்றால் 1,81,800. வண்டியில் 20,000 கூட, வரியில் 53,100 கூட. அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கணக்கு போட்டேன். வருடத்துக்கு 50 ஞாயிறு. ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவு 40. ஏறி இறங்கினால் 80. வருடத்துக்கு 4,000, பத்து வருடத்தில் 40,000 வளைவு. கூடுதல் விலை இரண்டு லட்சத்தை வகுத்தால் ஒரு வளைவுக்கு 5 ரூபாய். ஒரு டீயைவிடக் குறைவு.

சந்தோஷமாக அவரிடம் காட்டினேன். சீட்டைப் படித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "வகுத்துக்கிட்டே போனா எதுவும் மலிவாத்தான் தெரியும். ரெண்டு லட்சத்தை ரெண்டு லட்சமாப் பாரு. மூணு வருசத்துல பாப்பா பிளஸ் டூ."

அவர் சொன்னது சரி. மண்டியில் யாராவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்புவேன். கடனில் எடுத்தால் அது இரண்டு லட்சமும் இல்லை. 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் கிட்டத்தட்ட 2,49,000 கட்டியிருப்போம்.

அக்டோபர் 12, ஞாயிறு

தம்பியிடம் அந்த உயரமான வண்டிதான் இருக்கிறது. வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. இதில் ஏறுவது சுலபமாக இருக்கும், அதோடு முடிவு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஏறினாள். "நாற்காலியில உக்காந்த மாதிரி இருக்கு கண்ணு" என்றாள். கோயம்புத்தூர் டாக்டரிடம் காட்டக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வழக்கம்போல் கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். பழைய வண்டியில் பாதி மலை இறங்கிய பிறகுதான் அந்தக் கவர் தேவைப்படும். இன்று மேலே மலையிலேயே இருக்கும் அட்டகட்டி வருவதற்குள்ளேயே ஓரங்கட்டச் சொன்னாள். மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது, நிமிர்கிறது, அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்கிறது. கண் ஒன்றைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்ல, அந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. எடை மேலே இருக்கும் வண்டியில் அந்த ஆட்டம் கூடுதல்.

ஏறும்போது சுகமாக இருந்தது ஒரு நிமிடம், உள்ளே உட்கார்ந்திருப்பது இரண்டு மணி நேரத்துக்கு மேல். இதை ஷோரூமில் எப்படித் தெரிந்துகொள்வது?

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எழுத ஒன்றுமில்லை. மழை. மகள் பட்டாசை அடுப்படியில் காயவைத்துத் திட்டு வாங்கினாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பழைய வண்டி வாங்கலாமா என்றும் பார்த்தாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் கணக்கில் ஒரு வருடம் தாண்டினால் வண்டி மதிப்பில் 20 சதவீதம் கழிக்கிறார்கள், நான்கு முடிந்து ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம். அதனால் மூன்று வயது வண்டி வாங்குபவருக்கு லாபம் என்பது உண்மைதான். ஆனால் நான் பார்த்த இரண்டு வண்டிக்கும் புது வண்டிக்கு வரி குறைவதற்கு முன்பிருந்த விலையை வைத்தே விலை சொன்னார்கள். பன்னிரண்டு வருடமாவது வைத்திருக்கப்போகிறவளுக்கு முதல் மூன்று வருடம் பெரிய விஷயமில்லை. சரி, அதை விட்டாயிற்று.

நவம்பர் 2, ஞாயிறு

மண்டியில் கூட வேலை பார்க்கும் அக்கா தன் தாழ்வான வண்டியை ஒரு நாள் கொடுத்தார்கள். பெட்ரோல் போட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார்கள்.

இதை விரிவாக எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடக் கூடாது.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி முதல் வளைவு. இரண்டாவது கியர். வளைவின் நடுவில் வேகம் நன்றாகக் குறைந்த பிறகு ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொட்டால் வண்டி முக்காமல் இழுக்கிறது. பழைய வண்டியில் அதே இடத்தில் முதல் கியருக்கு மாற்றாவிட்டால் உதறும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து விட்டால் தானாகவே நேராகிறது, கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். வளைவுக்குள் வண்டி சாயவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் சாய்ந்து உடனே நின்றுவிடுகிறது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தினேன். கீழே ஆழியாறு அணை, நேர் எதிரே பாறையில் இரண்டு வரையாடு. பதினாலு வருடத்தில் இந்த இடத்தில் தோளைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்கி நின்றது இன்றுதான்.

குறையும் உண்டு. முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் தடிமன். வலது வளைவில் எதிரே வரும் பஸ் ஒரு நொடி அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தலையை முன்னால் நீட்டி எட்டிப் பார்க்கவேண்டும். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்று சட்டம் இருக்கிறது, ஆனால் இறங்குகிறவர் நம்மைப் பார்க்கவேண்டுமே. உயரமான வண்டியில் இந்தத் தொல்லை இல்லை.

அம்மா ஏறுவதற்குச் சிரமப்பட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லிக் கொடுத்தேன். இறங்கும்போது கை கொடுத்துத் தூக்கவேண்டியிருந்தது. ஆனால் அடிவாரத்துக் குரங்கருவிப் பக்கம் வரை வந்த பிறகுதான் கவர் தேவைப்பட்டது.

நவம்பர் 5, புதன்

இரண்டு லட்சத்தை இரண்டு லட்சமாகவே வைத்து அவரோடு உட்கார்ந்தேன். டாப் மாடலின் பட்டியலில் எது எனக்குப் பத்தாவது வருடத்திலும் வேண்டும், எது ஆறாவது மாதத்தில் மறந்துபோகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பெரிய தொடுதிரை: வேண்டாம். மலையில் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கமுடியாது. நாலு பக்க கேமரா: எங்கள் சந்தில் பதினாலு வருடமாக ரிவர்ஸ் எடுத்த எனக்குத் தேவையில்லை. அலாய் வீல்: சாதா இரும்பு ரிம் பள்ளத்தில் நெளிந்தால் தட்டிச் சரிசெய்யலாம், எனக்கு அதுவே நல்லது. இவையெல்லாம் இல்லாத கீழ் மாடலிலும் ஆறு ஏர்பேக்கும், வழுக்கும்போது வண்டியை நேராக்கும் இ.எஸ்.பி.யும் இருக்கின்றன. எஞ்சின், சஸ்பென்ஷன் ஒன்றேதான். நான் ஆசைப்பட்டதே அந்த இரண்டுக்குத்தான்.

ஆனால் ஆகக் கீழ் மாடலில் பின் கண்ணாடிக்கு வைப்பரும் இல்லை, சூடேற்றும் கம்பியும் இல்லை. அங்கேதான் அவர் பேச்சைக் கேட்காமல் பிடிவாதம் பிடித்தேன். ஜூன் மாத வால்பாறையில் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் ஓட்டியவளுக்குத்தான் தெரியும். ஓட்டுகிறவர் சீட்டை மேலே தூக்கும் வசதியும் அடுத்த மாடலில்தான். அது இருந்தால் தூணைத் தாண்டிப் பார்க்கலாம். ஆக, நடு மாடல். உயரமான வண்டியைவிட 1,30,000 கூடுதல்.

"அது சரி" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

நவம்பர் 9, ஞாயிறு

முன்பணம் கட்டியாயிற்று. கடன் 5 லட்சம். ஷோரூமில் 7 வருடத் தவணைக்குத்தான் வற்புறுத்தினார்கள்: 9 சதவீதத்தில் மாதம் 8,045. ஐந்து வருடம் என்றால் 10,379. கேட்க எட்டாயிரம் இதமாக இருக்கிறது, ஆனால் மொத்த வட்டியில் 53,000 ரூபாய் கூடுதல். ஏழாவது வருடம் வண்டியைப் பார்க்கும்போது கடன் ஞாபகம் வந்தால் பிறகு எங்கே ஆசையாக ஓட்டுவது? ஐந்து வருடத்துக்கே கையெழுத்துப் போட்டேன். மகளுக்குப் போடும் சீட்டுப் பணத்தில் கை வைக்கவில்லை. என் பயணம், சேலை இரண்டும் அடுத்த தீபாவளி வரை கிடையாது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வியாழக்கிழமை வண்டி வந்தது. இன்று முதல் மலை.

பழைய வண்டிக்கு எப்போதும் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் நேற்று வந்து சுற்றிப் பார்த்தார். "ஏறுன கியர்லயே இறங்குங்கக்கா, புது பிரேக்குன்னு நம்பி மிதிச்சுக்கிட்டே வராதீங்க" என்றார். பதினாலு வருடத்துக்கு முன்னாலும் இதையேதான் சொன்னார்.

போகும்போது தனியாகப் போனேன். மேகம் இறங்கி, முப்பதாவது வளைவுக்கு மேல் பத்தடிதான் தெரிந்தது. பின் கண்ணாடியின் பொத்தானை அமுக்கினேன், கோடு கோடாகத் தெளிந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனேன்.

அம்மா வாசலில் நின்று வண்டியைத் தொட்டுப் பார்த்தாள். விலை கேட்டாள், சொன்னேன். "அவ்வளவா" என்றாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலைத் திருப்பி, தானே கதவைச் சாத்தினாள்.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தச் சொன்னாள். பதறிப்போய் ஓரங்கட்டினேன். "ஒண்ணுமில்ல, அணையில தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்கலாம்" என்று கண்ணாடியை இறக்கினாள். கவர் மடியில் மடித்தபடியே இருந்தது. பொள்ளாச்சி வந்ததும் அதை இன்னும் சின்னதாக மடித்து, எலுமிச்சம்பழத்தோடு டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தாள்.

"இங்கேயே இருக்கட்டும், ஏறும்போது வேணும்" என்றாள்.