டாலஸில் தங்கை வாங்கும் டிரக்கும் முப்பந்தல் காற்றும்

என் தங்கை குடும்பம் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறது. வருகிற கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொலராடோ மலைப்பக்கம் போகவேண்டும் என்று ஒரு டிராவல் டிரெய்லர் பார்த்து வைத்திருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். தனி எஞ்சின் கிடையாது, பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகவேண்டும். டிரெய்லர் எது என்பது முடிவாகிவிட்டது. எந்த டிரக் என்பதில்தான் இழுபறி. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து ஆரல்வாய்மொழிக்குக் காற்றாலைச் சாமான் ஏற்றி டிரெய்லர் லாரி ஓட்டியவன் நான் என்பதால் விஷயம் என்னிடம் வந்தது.

"அண்ணா, இந்த வண்டி 13,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு. நம்ம டிரெய்லர் முழு லோடுல 7,500 பவுண்டுதான். தாராளமா போதும்லா?"

இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் கேட்டது வேறு. "டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். அதை போட்டோ எடுத்து அனுப்பு மக்கா" என்றேன்.

மறுநாள் கடைக்குப் போய் எடுத்து அனுப்பினாள். வெள்ளைத் தாளில் மஞ்சள் பட்டை, டயர் அளவு, காற்றழுத்தம், அதோடு ஒரு வரி: ஆட்களும் சரக்கும் சேர்ந்து 671 கிலோவைத் தாண்டக்கூடாது. பவுண்டில் 1,480. டிரக் வாங்கப் போகிற யாரும் முதலில் பார்க்கவேண்டியது இந்த வரியைத்தான் என்பது என் உறுதியான கருத்து. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இழுக்கிற எண். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது சுமக்கிற எண்.

கணக்கை போனிலேயே போட்டோம். இந்த மாதிரி டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கி வழியாக டிரக்கின் மேல் உட்காரும். 7,500 பவுண்டு என்பது ஏறக்குறைய 3,400 கிலோ. நடுவில் 13 சதவீதம் வைத்தால் கொக்கியில் மட்டும் 442 கிலோ. எடையைப் பகிர்ந்து கொடுக்கிற கொக்கி செட் 45 கிலோ. மாப்பிள்ளை, தங்கை, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 201 கிலோ. பின்பக்கம் ஜெனரேட்டர், சைக்கிள், விறகு என்று 90 கிலோ. கூட்டினால் 778. ஸ்டிக்கர் தருவது 671. இழுவையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது என்று நினைத்த வண்டி, சுமையில் 107 கிலோ தாண்டி நிற்கிறது.

தங்கைக்கு நம்பமுடியவில்லை. அப்படியானால் 13,000 என்று எப்படிப் போடுகிறான் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க ஜே2807 என்றொரு தர விதி உண்டு. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்கிற நீண்ட மலைச்சாலையை வைத்து, கொதிக்கிற வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் வண்டி ஏறவேண்டும். கடுமையான சோதனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது இரண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. பின் சீட்டுப் பிள்ளைகளும் ஜெனரேட்டரும் சைக்கிளும் அதில் வரவில்லை.

டிரெய்லர் விற்கிறவர்களும் வெறும் வண்டி எடையைத்தான் முன்னால் சொல்வார்கள். அதை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. 40 காலன் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ ஏறிவிடும். பாத்திரம், துணி, படுக்கை எல்லாம் அதற்கு மேல். முழு லோடுக்கு அனுமதித்த எடை எதுவோ அதை எடுத்துக்கொள் என்றேன்.

சரி, கொக்கி எடையைக் குறைத்தால் என்ன, சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி வைத்தால் முன்பாரம் குறையுமே என்று மாப்பிள்ளை கேட்டார். இங்கேதான் எனக்கு முப்பந்தல் ஞாபகம் வந்தது.

நம்ம பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும். இசக்கியம்மன் கோவில் முன்னால் நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எடுப்போம். லோடு இருந்தால் ஸ்டியரிங் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். காலி வண்டி திரும்பும்போதுதான் பயம். பின்பக்கம் மெல்ல அசைந்து, அந்த அசைவு கைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த அசைவு தொடங்கியிருக்கும்.

நம்ம டிரெய்லர் லாரியில் ஒரு பாதுகாப்பு உண்டு. டிரெய்லரின் முன்பாரம் இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே உட்காரும். டிராவல் டிரெய்லரின் கொக்கியோ பின் பம்பருக்கும் வெளியே, அச்சிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தள்ளி நின்று அது ஆடினால் டிரக்கின் வால் முழுதும் சேர்ந்து ஆடும். முன்பாரம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஆட்டம் சீக்கிரம் தொடங்கும், தொடங்கினால் அடங்காது. மேற்கு டெக்சாஸ் சமவெளியில் காற்றுக்குப் பஞ்சமில்லை, அங்கேயும் காற்றாலைகள்தான் வரிசையாக நிற்கின்றன. ஆகவே கொக்கி எடையில் கை வைக்காதீர்கள், அதைத் தாங்குகிற வண்டியாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எடை பகிரும் கொக்கியை நான் கட்டாயம் வாங்கச் சொன்னேன். பின்னால் கனம் அழுத்தும்போது, சைக்கிள் கேரியரில் பெரிய ஆள் உட்கார்ந்தால் முன்சக்கரம் லேசாவது மாதிரி, டிரக்கின் முன் அச்சு லேசாகிவிடும். அந்தச் செட்டில் இருக்கும் இரும்புக் கம்பிகள் கொஞ்சம் எடையை முன் அச்சுக்கும் கொஞ்சத்தை டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிக் கொடுக்கும். ஸ்டியரிங் பிடி திரும்பக் கிடைக்கும். ஆனால் கதவு ஸ்டிக்கரில் போட்ட எண்ணை அது கூட்டித் தராது.

அப்புறம் எந்த வண்டி? அதே கம்பெனி, அதே மாடல், அதே எஞ்சின், ஆனால் கீழ்நிலை ரகம் ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். துணி சீட், கூரையில் கண்ணாடி கிடையாது, சக்கரமும் சின்னது. இந்த அலங்காரம் எல்லாமே எடைதான், ஒவ்வொன்றும் சுமக்கும் அளவில் கழிந்துபோகும். அந்த வண்டியின் ஸ்டிக்கரில் 862 கிலோ. 778 போக 84 கிலோ மிச்சம். கொக்கி எடையை 15 சதவீதமாக வைத்துப் பார்த்தாலும் 846தான் வருகிறது. ஒரே மாடல் என்றாலும் ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டிக்கர் வேறு என்பதால், வாங்கப் போகிற அதே வண்டியின் கதவைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

மாப்பிள்ளைக்கு அடுத்த பெரிய ரக டீசல் மேல் ஒரு ஆசை. வண்டி நல்ல வண்டிதான், இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் டீசல் எஞ்சினே கனம் என்பதால், அதே ரகப் பெட்ரோல் வண்டியைவிடச் சுமக்கும் அளவு குறைந்துவிடும். தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான். இந்த டிரெய்லருக்கு அது தேவையில்லை.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ எஞ்சினாக இருக்கட்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். டென்வரிலிருந்து மேற்கே போகும் சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே சேரும்போது மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும்.

டிரெய்லர் பிரேக்கை டிரக்கிலிருந்தே இயக்குகிற கன்ட்ரோலர் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 3,400 கிலோவை டிரக்கின் பிரேக்கை மட்டும் நம்பி மலையில் இறக்கக்கூடாது. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் பிடிக்கவும் அதே கன்ட்ரோலர்தான் வேண்டும்.

துணி சீட் வண்டிக்கு நேற்று முன்பணம் கட்டியாயிற்று. முதல் பயணத்துக்கு முன்னால் எல்லாச் சாமானும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, பிள்ளைகளும் உள்ளே இருக்க, நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் எடை மேடை ஏறச் சொல்லியிருக்கிறேன். அங்கே முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றுக்கும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை ஏறினால் கொக்கி வழியாக டிரக்கின் மேல் உண்மையிலேயே எவ்வளவு உட்காருகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்புவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.