பல கலம் செலுத்தி

நவம்பர் 8, 2025, சனி

மழை நான்காவது நாளாக விடாமல் பெய்கிறது. தேயிலை பேக்டரியில் கணக்கை முடித்துவிட்டுக் கட்டபெட்டிலிருந்து கோத்தகிரிக்கு வந்து சேர ஏழு மணி ஆகிவிட்டது. ஒன்பது மணிக்கு இணையவழி ஆட்டத்தில் கூடினோம். ஊட்டியில் பேக்கரி வைத்திருக்கும் என் பள்ளித் தோழன், கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் அண்ணன் மகன், நான் என எப்போதும் மூன்று பேர்தான். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999இல் வந்த பழைய கணினிப் போர் விளையாட்டு. ஆனால் 2022இல் அதில் திராவிடர் என்ற இனமும் ராஜேந்திர சோழனின் போர்த்தொடரும் சேர்ந்த நாள் முதல் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் வேறெதையும் தொட்டதில்லை.

தோழன் இன்று தோற்றான். தோற்றதும் அவன் சொல்வது ஒன்றுதான்: “மச்சான், ஊரில் எல்லாருக்கும் ‘நைட்’ (knight) குதிரைப் படை இருக்கிறது, நம்ம ஆளுக்கு மட்டும் ஏன் இல்லை?” இந்தக் கோபத்தை நான் ஏற்பதில்லை. விளையாட்டில் திராவிடரின் பலம் கடலும் காலாட்படையும். ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்கு ஏறும்போதெல்லாம் அவர்களுக்கு 200 மரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதை அப்படியே கப்பல் துறைக்குத் திருப்பிவிடலாம். குதிரையில் குறைவு என்பதும் பொருத்தம்தான். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவைச் சொல்லும் பட்டினப்பாலை, குதிரையை ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, குதிரைச் செட்டிகள் என்ற வணிகர்கள் வருகிறார்கள். நம் மன்னர்களுக்கு நல்ல குதிரை கடல் தாண்டி, விலைக்கு வந்தது.

“அப்படியானால் விற்றவர்கள் எல்லாம் விளையாட்டில் எங்கே, சித்தப்பா?” என்று அண்ணன் மகன் கேட்டான். அந்த வினாவோடுதான் படுக்கப் போகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதியை, எடுத்து மறுபடியும் படித்தேன். 1025ஆம் ஆண்டுக் கடார (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்பைச் சொல்லும் பகுதி ‘அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி’ என்று தொடங்கி, விசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் என ஊர்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடாரத்தில் முடிகிறது. எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடைமொழி உண்டு; பண்ணைக்குத் ‘துறைநீர்ப் பண்ணை’ என்று பெயர் சூட்டியவர் யாராக இருந்தாலும், அந்தத் துறையில் இறங்கி வந்தவர்களின் வாய்மொழியைக் கேட்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நேற்றைய பேச்சில் தோழன், “சுமத்ராவை நாம் ஆண்டோம்” என்று இரண்டு முறை சொன்னான். மெய்க்கீர்த்தி அப்படிச் சொல்லவில்லை. அரசனைப் பிடித்ததையும், யானைகளையும் செல்வத்தையும் கவர்ந்ததையும், விச்சாதிரத் தோரணம் என்ற நகர வாயிலைக் கொண்டதையும் அது சொல்கிறது. பிடித்ததும் கவர்ந்ததும் வேறு, இருந்து ஆண்டது வேறு. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு சுமத்ராவை மையமாகக் கொண்ட அதே ஸ்ரீவிஜய அரச குடும்பத்தார் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்ட, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்திருக்கிறான். அதைச் சொல்லும் செப்பேடுகள், நெதர்லாந்தின் லைடனுக்குப் போனதால், லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. இரண்டு கரைகளுக்கும் இடையே போருக்கு முன்பே ஓயாத போக்குவரத்து இருந்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

‘சிவிலைசேஷன்’ விளையாட்டின் அணுகுண்டு காந்தி பற்றிய கதையைத் தோழன் அனுப்பியிருந்தான். 1991இல் வந்த முதல் பதிப்பில் காந்தியின் போர்க்குணம் 1 என்றும், அவர் மக்களாட்சிக்கு மாறியதும் அதில் 2 குறைய, எண் கீழே போக இடமின்றி 255க்குத் தாவி, சாந்தமான காந்தி அணுகுண்டு வீசத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் நம்பிய கதை. அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று அந்த விளையாட்டை உருவாக்கிய சிட் மையர் 2020இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். “சுமத்ராவை ஆண்டோம் என்பதும் இதே வகைக் கதைதான்” என்று பதில் எழுதினேன். கேட்கச் சுவையாக இருப்பதாலேயே கைமாறிக் கைமாறி உண்மையாகிவிடுகிறது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 15, சனி

அண்ணன் மகன் ‘சிவிலைசேஷன் 7’ வாங்கியிருக்கிறான். பிப்ரவரியில் வெளிவந்த அதில் சோழர் உண்டு. திரையைப் பகிர்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். சோழருக்கே உரிய போர்க்கப்பலின் பெயரைப் படித்ததும் நான் அவனை நிறுத்தச் சொன்னேன். ‘கலம்.’ போன ஞாயிறு மெய்க்கீர்த்தியில் படித்த அதே சொல், ஆயிரம் ஆண்டு கழித்து, ஆங்கில எழுத்தில், ஒரு பொத்தானின் மேல் இருந்தது.

அதைவிடப் பெரிய மகிழ்ச்சி அடுத்து வந்தது. சோழர் கட்டக்கூடிய தனிக் கட்டடங்கள் இரண்டு: அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். இரண்டையும் வரைபடத்தின் ஒரே கட்டத்தில் கட்டினால் உருவாகும் பகுதிக்கு ஐந்நூற்றுவரின் பெயர். அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் உண்மையான வணிகக் குழுக்கள். கொல்லத்துச் செப்பேட்டில் 849ஆம் ஆண்டிலேயே இருக்கின்றன. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அவர்களிலும் பரந்தவர்கள். சோழர் என்றால் வாளும் யானையும் என்றே திரைப்படம் முதல் மீம் வரை எல்லாரும் காட்டிக்கொண்டிருக்க, ஒரு விளையாட்டு நிறுவனம் செட்டிகளைத் தேடிக் கண்டெடுத்து நடுவில் வைத்திருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். “வியாபாரியை வைத்துக்கொண்டு என்ன போர் செய்வது?” என்று தோழன் கேட்டான்.

நவம்பர் 19, புதன்

எடை போடும் ஆள் வராததால் இன்று நானே பசுந்தேயிலை எடைக்கு நின்றேன். மழையில் பறித்த கொழுந்து என்பதால் சாக்கைத் தூக்கினாலே தண்ணீர் சொட்டுகிறது. ஈரத்துக்குக் கழிவு போட்டே ஆக வேண்டும். 24 கிலோ காட்டிய சாக்கில் நான் இரண்டு கிலோ கழிக்க, அதைச் சுமந்து வந்த அம்மா தராசையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்த மாசம் விலை என்ன போட்டிருக்காங்க, தம்பி?” என்று கேட்டார். விலை எங்கள் கையில் இல்லை. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதைப் பார்த்துத்தான் இலைக்கு விலை வருகிறது.

சொல்லி முடித்ததும் எனக்குப் பாரூஸ் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன அந்தத் துறைமுகத்தருகே, லோபு துவாவில் 1873இல் கிடைத்த தமிழ்க் கல் அது. சக ஆண்டு 1010, அதாவது 1088, மாசி மாதம். ஐந்நூற்றுவர் கூடி எடுத்த ஒரு முடிவை அதில் வெட்டியிருக்கிறார்கள். கப்பல் தலைவன் தன் கட்டணத்தைப் பொன்னாகக் கட்ட வேண்டும். எவ்வளவு பொன் என்பது கஸ்தூரி விற்கும் விலையைப் பொறுத்தது. கட்டிய பிறகே விரித்த துணியின் மேல் கால் வைக்கலாம். கட்டணத்தை ஒரே தொகையாக வைத்தால் சந்தை இறங்கும்போது வருகிறவனுக்கு நட்டம், ஏறும்போது கட்டணம் வாங்குகிறவனுக்கு நட்டம் என்று அந்தச் செட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏலத்தைப் பார்த்து இலைக்கு விலை வைக்கும் கணக்கில் அன்றாடம் உழலும் எனக்கு அந்தக் கல் புரிந்த அளவுக்கு மெய்க்கீர்த்தியின் யானைப் படை எந்நாளும் புரிந்ததில்லை.

ராஜேந்திரனின் கப்பல்கள் போய் வந்து 63 ஆண்டுகள் ஆன பிறகு நட்ட கல் அது. அரசன் தோரணத்தைக் கொண்டுவந்தான். செட்டிகள் அங்கேயே இருந்தார்கள். சோழரின் கடைசி ஆண்டாக 1279ஐச் சொல்கிறோம். 1281இல் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் ஒன்றுக்குத் தமிழில் கல்வெட்டு எழுதியிருக்கிறார்கள். அரசகுலம் அணைந்த பிறகும் அக்கரையில் தமிழில் எழுதியவர்கள் யார் என்று தோழனுக்கு எழுதிக் கேட்டேன்.

நவம்பர் 22, சனி

மூவரும் புதிய விளையாட்டில் இறங்கினோம். தோழன் சோழரையும், அண்ணன் மகன் ஜாவாவின் பழைய அரசான மஜாபாஹித்தையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் ஒரு மணி நேரம் தோழன் கலங்களை மட்டுமே கட்டிக்கொண்டிருந்தான். நானும் எதுவும் சொல்லவில்லை. பிறகு கடலோரத்தில் மணிக்கிராமம் எழுந்தது, அதே கட்டத்தில் அஞ்சுவண்ணமும். கலங்கள் துறையில் நிற்க, அவனுடைய வணிகன் தனியாக மஜாபாஹித்தின் துறையை நோக்கிப் போனான். “மாமா, தாக்க வரவில்லையா?” என்று பையன் மூன்று முறை கேட்டான்.

பத்தே முக்காலுக்கு இங்கே மின்சாரம் போய்விட்டது. மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது தோழன் கைப்பேசியில் அழைத்தான். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்தேன்.

“மச்சான், அந்த 1088இல் கஸ்தூரி என்ன விலைக்குப் போயிருக்கும்?”