முதுகெலும்புக்கு ஒரு டிரில் ஜிக்

கோவை கணபதியில் பம்புசெட் உதிரிப்பாகங்களுக்குத் துளையிடும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் முதுகுத்தண்டு பக்கவாட்டில் 62 டிகிரி வளைந்திருப்பதாகவும், 50 டிகிரியைத் தாண்டிய வளைவு வளர்ச்சி நின்ற பிறகும் கூடக்கூடும் என்பதால் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றும் மருத்துவர் சொன்னார். அன்றிரவு என்னைத் தூங்கவிடாதவை, வளைவை நிமிர்த்திப் பிடிக்க எலும்பில் இறக்குவதாக அவர் சொன்ன திருகாணிகள்தாம். திருகாணி இறங்க வேண்டிய முள்ளெலும்பின் காம்பு (எலும்பின் முன்பகுதியைப் பின்பகுதியோடு இணைக்கும் குறுகிய பாலம்) நெஞ்சுப் பகுதியில் சில இடங்களில் 4, 5 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். உட்பக்கம் தண்டுவடம், வெளிப்பக்கம் நுரையீரலுறை. வளைந்த முதுகில் எலும்புகள் முறுக்கியும் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கோணம் வேறு.

மெல்லிய துண்டங்களாக எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து ஒவ்வோர் எலும்பையும் கணினியில் உருவாக்கி, திருகாணியின் பாதை, நீளம், பருமன் ஆகியவற்றை முன்கூட்டியே முடிவு செய்து, அந்த எலும்பின் பின்புறத்தில் அச்சாகப் பொருந்தும் வழிகாட்டிக் கட்டையை முப்பரிமாண அச்சில் எடுப்பார்கள் என்று அவர் விளக்கியதும், “இது டிரில் ஜிக்தானுங்களே டாக்டர்” என்றேன். துளைமுனை விலகாமல் சரியான இடத்தில், சரியான கோணத்தில் இறங்க வழிகாட்டும் பிடிப்புதான் ஜிக். எங்கள் ஜிக்கில் ஆயிரம் வார்ப்புகளுக்குத் துளை போடுவோம்; இதுவோ ஓர் எலும்புக்கு ஒருமுறை மட்டும்.

மல்லாந்து எடுத்த ஸ்கேன், குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் அறுவைக்குப் பொருந்துமா என்று கேட்டேன். எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டுகள்தாம் அசையும், தனி எலும்பின் வடிவம் மாறாது. அதனால்தான் எலும்புக்கொரு கட்டை என்றார். ஜிக்கின் அடியில் பிசிறு இருந்தால் துளை கோணும் என்பது என் தொழில் பயம். எலும்பின் மேலுள்ள தசையையும் சவ்வையும் துளிகூட விடாமல் சுரண்டி எடுப்பதற்கே நேரம் பிடிக்கும் என்றார். (தன் வீட்டு பிரிண்டரிலேயே அடித்துத் தருவதாகச் சொன்ன மைத்துனர் மகனிடம், அவனுடைய பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கும், நீராவியில் கிருமிநீக்கம் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.)

எங்களுக்குக் காட்டிய முதுகெலும்பு மாதிரியை என் மனைவி தொடவேயில்லை. மகள் விரல் வைத்து ஒவ்வோர் எலும்பாக எண்ணினாள்.

அறுவையின்போது நரம்புச் சமிக்ஞைகளைக் கண்காணித்தபடியே, ஒவ்வொரு திருகாணியையும் எக்ஸ்-ரே படத்தில் சரிபார்த்தார்கள். ஓரிடத்தில் கட்டை உட்காராமல் ஆடியதால், அதை எடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்துக் கையாலேயே துளையிட்டதாக மருத்துவர் பிறகு சொன்னார். ஆடுகிற ஜிக்கை அமுக்கிப் பிடித்துத் துளை போடாதவர் என்பதில் அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

மூன்றாம் நாள் எழுந்து நடந்தாள். காப்பீட்டு நிறுவனம் அச்சுச் செலவை மட்டும் ஏற்கவில்லை; முன்பே எழுத்தில் கேட்டு வாங்காதது என் தவறு.